அவ உள்ளே இருக்கா

அந்தப் பெரியவர் இரும்புப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டி, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் பெட்டியின் ஓரங்களைப் பிடித்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டி, தோளில் ஒரு துண்டு, மூன்று நாள் தாடி.

"அப்பா, கொஞ்சம் நகந்துக்கோங்கோ. இவா வேலையைப் பாக்கணும்" என்றார் மகன்.

பெரியவர் மகன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தொறக்கப்படாது. அவ உள்ளே இருக்கா."

மகன் அவருக்குத் தெரியாமல் தன் நெற்றியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். புரிந்தது என்பதுபோல் நானும் தலையை ஆட்டினேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தப் பக்கத்தில் இதுவரை பெரும்பாலும் சிரிக்கிற மாதிரியான சங்கதிகளைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த வாரத்துச் சங்கதியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலைந்து வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

வீடு மயிலாப்பூரில், லஸ்ஸிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்னத் தெருவில். தனி வீடு, வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி. பில்டரிடம் கொடுத்து, இடித்து, ஃபிளாட் கட்டப் போகிறார்கள். மூலப் பத்திரம் அந்தப் பெட்டிக்குள். பெட்டிக்கு ஒரு சாவியும் ஒரு நம்பர் பூட்டும். சாவி பெரியவரின் பூணூலில் தொங்கிக்கொண்டிருந்தது; குளிப்பாட்டும்போது மகன் கழற்றி எடுத்துவிட்டார். நம்பர் அவருடைய தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்குள் போக வழி தெரியாமல்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் பாத்திமா. ராயப்பேட்டைக்காரி. என் வீட்டுக்காரர் சலீம், தி.நகரில் ஒரு சந்துக்குள் பூட்டுக் கடை வைத்திருந்தார். திறக்க முடியாத பீரோ, பெட்டி என்றால் சென்னையின் இந்தப் பாதியில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. அதன் பிறகு போகிற வீடுகளுக்கு என்னையும் கூட்டிப் போனார். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். "இன்னா பாத்திமா, பெட்டி பேசுதா?" என்று கேட்பார். "ஊமையா கீது" என்பேன். "பேசும், பேசும். நீ கையை எடுத்துராத" என்பார்.

இப்படியே ஆறு வருஷம். அவர் மவுத்தான பிறகு நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். பொம்பளை என்று முதலில் தயங்கினார்கள். அப்புறம் அதுவே வசதியாகப் போயிற்று. வீட்டுப் பெட்டிகள் படுக்கையறையில்தான் இருக்கும். புடவைகளுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில். அங்கெல்லாம் ஒரு ஆம்பளையை விடுவதைவிட என்னை விடுவது அவர்களுக்குச் சுலபம்.

பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம்

பெட்டிகளில் பல விதம். இப்போது எல்லார் வீட்டிலும் இருப்பது சின்னதாய், ஹோட்டல் அறைகளில் இருக்குமே, அந்த மாதிரி பட்டன் பெட்டி. பேட்டரி தீர்ந்தால் செத்துவிடும். அந்தச் சமயத்துக்கென்று ஒரு தனிச் சாவி கொடுத்திருப்பார்கள். பத்துக்கு ஆறு வீட்டில் அந்தச் சாவியைப் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

ஸ்டீல் பீரோவுக்குள் இருக்கும் லாக்கர் வேறு மாதிரி. அதில் பூட்டு நல்லாத்தான் இருக்கும். வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்திக் கதவுதான் சாய்ந்திருக்கும். பாதி வீடுகளில் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அவர்கள் சாவியையே போட்டுத் திருப்பினால் திறந்துகொள்ளும். அதற்குக் கூலி வாங்க எனக்கே வெட்கமாயிருக்கும்.

விரல் வைத்துத் திறக்கிற பெட்டி ஒன்று வந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு மந்தைவெளியில் ஒரு ஃபிளாட்தான் ஞாபகம் வரும். நான் போனபோது ஹாலில் ஐஸ் பெட்டி. அதற்குள் அந்த வீட்டுக்காரர். மூத்த பிள்ளை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அப்பா விரலை வச்சா தொறக்குமா?"

"உயிர் இருக்கிற விரலுக்குத்தான் தொறக்கும் தம்பி" என்றேன். "எடுத்து முடிச்சப்புறம் கூப்பிடுங்க. நான் வந்து தொறந்து தரேன்."

அவர் ஹாலுக்குத் திரும்பிப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டிருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடி மூடியின் மேல் கையை வைத்து, அதை எடுக்கவே இல்லை.

மூன்றாவது வழி

மயிலாப்பூர்ப் பெட்டி இதெல்லாம் இல்லை. ஆள் உயரத்தில் பாதி இருக்கும் பழைய இரும்புப் பெட்டி. கதவின் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை. மூடினால் காற்றுக்கூடப் போகாது.

நம்பர் பூட்டைக் காதை வைத்துக் கேட்டுத் திறப்பது சினிமாவில்தான். நிஜத்தில் ஒவ்வொரு எண்ணாகப் பொறுமையாய்த் தேட வேண்டும். அரை நாள் ஆகும், ஒரு நாளும் ஆகும். இல்லையென்றால் துளை போட வேண்டும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. பெட்டிக்காரரைப் பேச வைப்பது. மனிதர்கள் நம்பரைச் சும்மா வைப்பதில்லை. ஏதோ ஒரு ஆசையில் வைக்கிறார்கள். சலீம் பூட்டில் கெட்டிக்காரர். இந்த மூன்றாவது வழியில் நான் அவரைவிடக் கெட்டிக்காரி. அதில் எனக்குப் பெருமை வேறு.

மகன் பெயர் பிரசாத். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன், பெரியவருக்குப் பக்கத்தில்.

"உள்ள யாரு ஐயா இருக்காங்க?"

"கமலா."

"உங்க வீட்டம்மாவா?"

"ஆமாம்." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நோக்கு அவளைத் தெரியுமோ?"

"தெரியாது ஐயா. சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன். மொதமொதல்ல அவங்களை எங்க பாத்தீங்க?"

அவர் கைகள் பெட்டியை விட்டன. மெதுவாக முன்னால் வந்து மடியில் சேர்ந்தன.

பஸ்ஸில் பார்த்தாராம். லஸ்ஸில் ஏறுவாராம் அந்த அம்மா, கையில் டைப்ரைட்டிங் புத்தகம். இவர் அதற்கு முந்தின ஸ்டாப்பிலேயே ஏறி, ஜன்னலோர இடத்தைப் பிடித்து, லஸ் வந்ததும் எழுந்துகொள்வாராம். அந்த அம்மா உட்காருவாராம். ஒரு வருஷம் இப்படியே. ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எந்த பஸ் ஐயா?"

சொன்னார்.

"அவங்க வீடு?"

தெருவைச் சொன்னார். கதவு நம்பரையும் சொன்னார்.

"கல்யாணம் ஆறப்போ அம்மாவுக்கு என்ன வயசு?"

அதையும் சொன்னார்.

என் இடது உள்ளங்கையில் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த எண்கள் எவை என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

மருமகள் வித்யா வந்து, "காபி கலந்திருக்கேன்பா, வாங்கோ" என்று கையைப் பிடித்து எழுப்பினார். அன்பான பெண். அந்தப் பிடியிலேயே தெரிந்தது, தினமும் அப்படித்தான் அவரை எழுப்பி நடத்துகிறார் என்று. பெரியவர் எழுந்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பேசிவிட்ட மனிதரின் சிரிப்பு.

அவர் வாசற்படியைத் தாண்டியதும் நான் பூட்டின் நம்பர் வட்டைத் திருப்ப ஆரம்பித்தேன். அந்த எண்களை இடம் மாற்றிப் போட்டதில் இரண்டாவது வரிசையிலேயே பூட்டு விழுந்துவிட்டது.

கதவு

சாவியைப் போட்டுக் கைப்பிடியை அழுத்தினேன். ரப்பர் பட்டை விலகும்போது பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்து என் முகத்தில் பட்டது.

தேங்காய் எண்ணெய், மஞ்சள், தலைவலித் தைலம், கொஞ்சம் வேர்வை. அவற்றுக்குக் கீழே லேசாக ஆஸ்பத்திரி. ஒரு பொம்பளை குனிந்து என்னைக் கடந்து போனது மாதிரி இருந்தது. ஒரு கணம் நான் கையை எடுத்துவிட்டேன்.

மேல் தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரங்கள். கீழ்த் தட்டில் வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒரு சின்ன மூட்டை. பச்சைப் பருத்திப் புடவையின் ஓரம் வெளியே தெரிந்தது.

கையில் டம்ளரோடு பெரியவர் வாசற்படியில் நின்றிருந்தார். கைப்பிடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"மூடு" என்றார். "போயிடும். மூடு."

பிரசாத் அவரைத் தாண்டி உள்ளே வந்தார். பத்திரத்தைப் பார்த்ததும் முகம் தளர்ந்தது. மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார் அதற்காக. "என்னப்பா போயிடும்? ஒண்ணும் போகலை. எல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பில்டருக்குப் போன் போட்டார்.

வித்யா மூட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். நகை ஏதாவது இருக்குமோ என்று துண்டைப் பிரித்து, புடவையை உதறினார். ஒரு ரவிக்கை விழுந்தது. வேறொன்றும் இல்லை.

பெரியவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வந்து பெட்டிக் கதவைச் சாத்தினார். பூட்டு நாக்கு வெளியே நீண்டிருந்ததால் மூடவில்லை. மறுபடியும் சாத்தினார். மறுபடியும். நான் அவர் கையை விலக்கி, பூட்டாமல் மூடிக் கொடுத்தேன். ஆனால் மூட்டை கட்டிலில் இருந்தது.

அது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷம் எனக்கு. "நம்பரை மாத்தித் தரணும்மா, எனக்கும் தெரியற மாதிரி" என்றார் பிரசாத். இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்கு மக்ரிப் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யும்போது உள்ளங்கையில் அந்த எண்கள் அப்படியே இருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நீலமாக ஒரு கறை தங்கிவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சலீமின் சட்டைகளை நான் நாற்பது நாளுக்குள் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல சட்டைகள், யாருக்காவது உதவட்டும் என்றுதான். கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் துவைத்து, நீலம் போட்டு, மடித்து வைத்தேன். ஒன்றையாவது துவைக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கொடியில்

சொன்னபடி போக முடியவில்லை, ஒரு நாள் தள்ளிப் போனேன். பக்கவாட்டுக் கேட் வழியாக உள்ளே நுழையும்போது கொடியில் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். புடவையின் ஒரு முனையில் இரண்டு கிளிப். சோப்புத்தூள் வாசனை கேட் வரைக்கும் வந்தது.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

வித்யா வாளியோடு வந்தார். "வாங்கோக்கா. மாமியாரோட புடவை. மூட்டையாவே கெடந்து ஒரு மாதிரி வாசனை. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கடைசியா அட்மிட் ஆகப் போனப்போ கட்டிண்டு போனது இது. அங்க வேற டிரஸ் போட்டு, இதைக் கழட்டி அப்பா கையில குடுத்தா. அவர் கொண்டுவந்து பெட்டியில வச்சிருக்கார். எட்டு வருஷம். நாங்க யாருமே பாக்கலை. நன்னா தோச்சு, இஸ்திரி போட்டு அவர் கையில குடுக்கலாம்னு இருக்கேன். சந்தோஷப்படுவார்."

"ஐயா எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அறையில் பெட்டி திறந்திருந்தது. பெரியவர் அதன் முன்னால் முழங்கால் போட்டு, தலையைக் கீழ்த் தட்டுக்குள் விட்டிருந்தார். தோள்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மூச்சை இழுக்கும் சத்தம் இரும்புக்குள்ளிருந்து வந்தது.

"காணும்" என்றார், தலையை எடுக்காமலே. "காணும்."

"எது காணும்பா?" வித்யா வெளியே ஓடிப் போய், பாதி காய்ந்த புடவையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். "இதோ இருக்கே. நான்தான் தோச்சுப் போட்டேன்."

அவர் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு இறக்கி, மடியில் வைத்து, மேலே தடவிக் கொடுத்தார்.

"சோப்பு" என்றார்.

அப்போதுதான் வித்யாவுக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். "நேக்குத் தெரியாதுப்பா" என்றார். "சத்தியமா தெரியாது." வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். தினமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி எழுந்து பார்க்கிற பெண்.

பெரியவர் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி அவர் தலையைத் தொட்டார். "நன்னாத்தான் தோச்சிருக்கே" என்றார்.

சத்தம் கேட்டு பிரசாத் வந்தார். விஷயம் தெரிந்ததும், "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். குரல் உடைந்திருந்தது. அவருக்கும் அது அம்மாவின் வாசனைதானே.

"சொன்னேனே" என்றார் பெரியவர்.



அப்புறம்

நம்பரை மாற்றும் வேலையை நான் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவுவரை போனபோது பெரியவர் கூப்பிட்டார்.

"நீதானே தொறந்தே?"

நேற்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்பது ஞாபகமில்லாத மனிதர். என்னை ஞாபகம் வைத்திருந்தார்.

"ஆமா ஐயா. நீங்க சொன்னதை வச்சுத்தான் தொறந்தேன். மன்னிச்சுக்கங்க."

"தெரியும். நம்பருக்குத்தான் நீ கேக்கறேன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் ஐயா சொன்னீங்க?"

அவர் யோசித்தார். உண்மையான பதிலைத் தேடுகிறவர் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார்.

"அவளைப் பத்தி யாருமே கேக்கறதில்லை" என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் தரையில் உட்கார்ந்தேன். கல்யாணத்தன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்டேன். பெய்ததாம். வித்யாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வந்தார். அவருக்கே தெரியாத சங்கதிகள் நிறைய இருந்தன.

அதன் பிறகு வீடு இடிபட்டது. அவர்கள் கோபாலபுரத்தில் வாடகைக்குப் போனார்கள். அந்தப் பக்கம் வேலை வந்தால் ஒரு எட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். வேலை இல்லாமலும் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கேட்பேன். கமலா அம்மாள் பாம்புக்குப் பயப்பட மாட்டாராம், பல்லிக்குப் பயப்படுவாராம். ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டு, போட்டேன் என்று சாதிப்பாராம். ஒரு தடவை மெரினாவில் அலை ஒரு செருப்பை இழுத்துப் போய்விட்டதாம். மற்றதை வைத்து என்ன செய்வது என்று அதையும் கடலுக்குள் வீசிவிட்டு, வெறுங்காலோடு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தாராம்.

கடைசியாகப் போனது ஒரு சாயங்காலம். ரொம்ப மெலிந்திருந்தார். படுக்கையிலேயே இருந்தார். நான் வழக்கம்போல, "கமலா அம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்க ஐயா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"யாரு அது?" என்றார்.

வித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவங்க ஒரு அம்மா ஐயா" என்றேன். "ஒரு நாள் மெரினாவுக்குப் போயிருந்தாங்க. அலை வந்து ஒரு செருப்பை இழுத்துக்கினு போயிருச்சு."

அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. தலையைத் தலையணையில் என் பக்கமாகத் திருப்பினார்.

"அப்புறம்?" என்றார்.